ஜானின் கழுதை யாரிடம் இருக்கு?

பெங்களூருவில் வேலை பார்க்கும் ஒரு அண்ணனிடம் மூன்று ஹார்ட் டிஸ்க் இருக்கு. ஒவ்வொன்றும் 4 டெராபைட். ஓசூர்க்காரர், எங்க டிபார்ட்மென்ட் சீனியர், எனக்கு ஆறு வருஷம் மூத்தவர். அந்த டிஸ்க்குகளில் விஜய் படமும் கிடையாது, அஜித் படமும் கிடையாது. ஹங்கேரி, ஈரான், பிலிப்பைன்ஸ் என்று பெயரைக் கேட்டாலே நமக்குக் கொட்டாவி வரும் படங்கள்தான். அதில் பாதியை அவரே இன்னும் பார்க்கவில்லை. ஆனால் எந்தப் படம் எந்த டிஸ்க்கில் எந்த ஃபோல்டரில் இருக்குன்னு தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

தீபாவளி லீவில் அவர் எனக்கு ஒரு ஃபைல் கொடுத்தார். தமிழ்ப் படம், 1977. திரை முழுக்க மழை பெய்கிற மாதிரி கோடுகள், வசனம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒலி. ஆனாலும் இணையத்தில் அவ்வப்போது தலைகாட்டும் பிரதியைவிட இது ஒரு படி தெளிவு என்று அவருக்கு அவ்வளவு பெருமை. ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். வேறு யாருக்கும் அனுப்பக் கூடாது.

படத்தின் பெயர் 'அக்ரஹாரத்தில் கழுதை'. எடுத்தவர் ஜான் ஆபிரகாம். இந்தப் பெயரைக் கூகுளில் போட்டால் பைக்கில் உட்கார்ந்திருக்கும் ஒரு இந்தி ஹீரோதான் முதலில் வருவார். அவர் வேற. நான் சொல்லும் ஜான் நீங்களும் நானும் பிறப்பதற்கு ரொம்ப முன்பே, 1987-ல், செத்துப்போனவர். மலையாளி. நாலே நாலு முழுநீளப் படம் எடுத்தார். அதில் ஒன்று தமிழ்.

அந்தக் கண்டிஷன் எனக்கு அன்றைக்குத் தப்பாகத் தெரியவில்லை. பெருமையாகக்கூட இருந்தது. நம்மிடம் இருப்பது மற்றவனிடம் இல்லை என்ற சுகம் உங்களுக்கும் தெரியும்தானே? ஜானின் வாழ்க்கையைத் தேடிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் அது உறுத்த ஆரம்பித்தது.

ஜான் பிறந்தது 1937 ஆகஸ்ட் 11, கேரளத்தின் குட்டநாட்டுப் பக்கம். தண்ணியும் வயலும் சர்ச்சும் உள்ள ஊர்கள். கோட்டயத்திலும் திருவல்லாவிலும் கல்லூரி. வரலாறும் அரசியலும் படித்தார். முதுகலைக்குத் தார்வாட் போனார். அதை முடிக்காமல் விட்டு, எல்.ஐ.சி.யில் வேலைக்குச் சேர்ந்தார். ஊர் பெல்லாரி. நம்ம பக்கத்து மாநிலம்தான்.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். 1960-களில் எல்.ஐ.சி. வேலை என்றால் என்னவென்று உங்க தாத்தாவைக் கேளுங்க. மாசாமாசம் சம்பளம், யாரும் அசைக்க முடியாத நாற்காலி, கல்யாணத்துக்குப் பெண் வீட்டார் தானாகவே வந்து நிற்பார்கள். எனக்கு பிளேஸ்மென்ட்டில் வந்திருக்கும் வேலையைவிட அது பத்து மடங்கு பத்திரமானது. அந்த நாற்காலியில் சில வருஷம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, 1965-ல் புனே திரைப்படக் கல்லூரியில் சேர்ந்துவிட்டார். அப்போது அவருக்கு வயசு 28. நம்ம கிளாஸில் 24 வயசுப் பையனையே மாமா என்று கூப்பிடுகிறோம்.

புனேயில் ஜானுக்கு இரண்டு அதிர்ஷ்டம். ஒன்று, ரித்விக் கட்டக். வங்காளத்தின் பெரிய இயக்குநர், அந்த 60-களின் நடுவில் கொஞ்ச காலம் அங்கே வாத்தியாராகவும் துணை முதல்வராகவும் இருந்தார். மணி கௌல், குமார் சஹானி, ஜான் ஆபிரகாம் மூன்று பேருமே அவருடைய மாணவர்கள். இன்னொரு அதிர்ஷ்டம் கல்லூரிக்குப் பக்கத்திலேயே அப்போதுதான் கண்ணைத் திறந்திருந்த தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம். 1964-ல் ஆரம்பித்தது. அங்கே பி.கே. நாயர் என்று ஒருவர், இந்தியா முழுக்க அலைந்து படப் பெட்டிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். தாதாசாகேப் பால்கேயின் மௌனப் படங்களில் இன்றைக்கு மிச்சமிருப்பதை நாம் பார்க்க முடிகிறது என்றால் அவர் சேர்த்ததால்தான். நாயரும் கலெக்டர்தான், அதாவது சேகரிப்பவர், மாவட்ட ஆட்சியர் இல்லை. ஆனால் சேர்த்த பெட்டிகளை ராத்திரி பகல் பார்க்காமல் மாணவர்களுக்குத் திறந்து போட்டுக் காட்டுவார். ஃபிலிம் சொசைட்டிகளுக்கு ரயிலில் அனுப்புவார். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்க, பின்னாடி வருவேன்.

கட்டக்கைப் பற்றி ஒரு விஷயம் மட்டும். அவருடைய முதல் படம் 'நாகரிக்' 1952-லேயே முடிந்துவிட்டது. வெளியானது 1977-ல். இடையில் 25 வருஷம். அதற்குள் கட்டக் இறந்தே ஒரு வருஷம் ஆகியிருந்தது. வாத்தியாரின் படம் தூசி தட்டப்பட்டு வெளியே வந்த அதே வருஷம்தான் மாணவனின் கழுதை அக்ரஹாரத்துக்குள் நுழைந்தது.

அதற்கு முன்னால் ஒரு தோல்வி இருக்கு. 1972-ல் ஜானின் முதல் படம், 'வித்யார்த்திகளே இதிலே இதிலே'. பையன்கள் பந்து விளையாடும்போது பள்ளியில் இருந்த ஒரு சிலையை உடைத்துவிடுகிறார்கள். அதற்கான பணத்தை அவர்களே கொண்டுவர வேண்டும், எப்படியாவது திரட்ட அலைகிறார்கள். நம்ம மனோரமாவும் அதில் நடித்திருக்கிறார். படம் ஓடவில்லை. அடுத்த படத்துக்கு ஐந்து வருஷம் ஆனது.

இப்ப கழுதைக்கு வருவோம். பிரெஞ்சு இயக்குநர் ராபர்ட் பிரெஸ்ஸான் 1966-ல் பல்தசார் என்ற ஒரு கழுதையின் வாழ்க்கையைப் படமாக எடுத்திருந்தார். கை மாறிக் கை மாறி எல்லா மனிதர்களின் பாவத்தையும் சுமக்கிற கழுதை. அதன் பாதிப்பு ஜானின் படத்தில் உண்டு. ஆனால் அந்தக் கழுதையை அவர் கொண்டுவந்து விட்ட இடம் நம்ம ஊர் அக்ரஹாரம். திரைக்கதையில் கூட இருந்தவர் வெங்கட் சாமிநாதன், கும்பகோணம் பக்கத்து உடையாளூர்க்காரர், தமிழின் கறாரான விமர்சகர்களில் ஒருவர். ஒளிப்பதிவு ராமச்சந்திர பாபு, புனேயில் படித்தவர். பேராசிரியர் நாராயணசாமியாக நடித்தவர் எம்.பி. சீனிவாசன். அவர் நடிகரே இல்லை, இசையமைப்பாளர். 1960-ல் வந்த 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசை போட்டவர், சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவை உருவாக்கியவர். மீசையும் கண்ணாடியுமாக, பாடம் நடத்தி அலுத்துப்போன ஒரு வாத்தியாரின் முகம் அவருக்கு அப்படியே பொருந்தியிருக்கு.

கதை சின்னது. தாய்க் கழுதையை ஒரு கும்பல் அடித்துக் கொன்றுவிடுகிறது. அநாதையான குட்டி பேராசிரியர் வீட்டுக்குள் நுழைகிறது. அவர் அதற்கு சின்னன் என்று பேர் வைத்து வளர்க்கிறார். காலேஜில் கிண்டல், பிரின்சிபால் வரைக்கும் பஞ்சாயத்து. சரி என்று குட்டியைத் தன் சொந்த ஊர் அக்ரஹாரத்துக்குக் கொண்டுபோய், வாய் பேசாத உமா என்ற பெண்ணிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லி விடுகிறார். ஊரில் எது தப்பாக நடந்தாலும் பழி கழுதை மேல். உமாவுக்கு ஒருவன் இழைக்கும் அநியாயத்தின் பழிகூடக் கடைசியில் அதன் தலையில்தான் விழுகிறது. கழுதையைக் கொல்கிறார்கள். கொன்ற பிறகு ஊரில் நல்லது நடக்க ஆரம்பிக்கிறது. உடனே அதே ஆட்கள் அதைக் கும்பிடத் தொடங்குகிறார்கள். கடைசிப் பதினைந்து நிமிஷத்தை நான் சொல்ல மாட்டேன்.

உண்மையைச் சொல்லணும்னா, முதல் தடவை பார்த்தபோது நான் நடுவில் போனை எடுத்துவிட்டேன். நடை அவ்வளவு நிதானம். நடிப்பு சில இடங்களில் நாடகம் மாதிரி விறைப்பாக இருக்கு. மாஸ்டர்பீஸ், மாஸ்டர்பீஸ் என்று அந்த அண்ணன் சொன்னதில் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். ஆனால் கழுதையின் கண் இருக்கே, அதை மறக்க முடியவில்லை. அது நடிக்கவில்லை, சும்மா நிற்கிறது. சுற்றி இருக்கும் எல்லோரும் நடிக்கிறார்கள்.

படத்துக்கு 1977-க்கான சிறந்த தமிழ்ப் படம் என்று தேசிய விருது கிடைத்தது. விருது கிடைத்தால் தியேட்டர் கிடைக்கும் என்று நினைக்காதீங்க. எதிர்ப்புதான் கிடைத்தது. பிற்பாடு தூர்தர்ஷனில் ஒளிபரப்பாகும் என்று சொல்லி, எதிர்ப்பு வந்ததும் அதையும் நிறுத்திவிட்டார்கள். 80-களில் ஞாயிறு மத்தியானம் விருது பெற்ற மாநில மொழிப் படங்களைப் போடுவார்களாம். எங்க அப்பா அதைத் தூங்கும் நேரம் என்பார். அந்தத் தூக்க நேரம்கூட சின்னனுக்குக் கிடைக்கவில்லை. பேர் எல்லோருக்கும் தெரியும், பார்த்தவர் யாரும் இல்லை. சேகரிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய தூண்டில் வேறு என்ன வேண்டும்?

ஏன் இப்படிப் படங்கள் அரிதாகின்றன என்பதில் நம்ம மாதிரி ஆட்களுக்கு ஒரு கெமிஸ்ட்ரி பாடம் இருக்கு. 35 மி.மீ. ஃபிலிம் நிமிஷத்துக்கு 27 மீட்டர் சொச்சம் ஓடும். இரண்டு மணி நேரப் படம் என்றால் மூன்று கிலோமீட்டருக்கு மேல். கிட்டத்தட்ட எங்க வீட்டிலிருந்து ஹைவேக்குப் போய்த் திரும்பி வருகிற தூரம். அந்த நீளத்தைச் சுருட்டி டப்பா டப்பாவாக வைக்க வேண்டும். அந்தக் கால ஃபிலிமின் அடிப்பொருள் செல்லுலோஸ் அசிடேட். வெயிலும் ஈரமும் பட்டால் அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விடும். டப்பாவைத் திறந்தால் வினிகர் வாசனை அடிக்கும். வெளிவந்த அமிலமே சிதைவை இன்னும் வேகப்படுத்தும். ஒரு டப்பாவில் ஆரம்பித்தால் பக்கத்து டப்பாவும் போய்விடும். பெரிய ஹீரோ படத்துக்கு நூறு பிரிண்ட் போடுவார்கள், பத்து போனாலும் தொண்ணூறு இருக்கும். ஜான் மாதிரி ஆட்களின் படத்துக்கு விரல் விட்டு எண்ணுகிற பிரிண்ட்தான். குளிரூட்டிய அறைக்குப் பணம் யார் கொடுப்பார்கள்? தமிழின் முதல் கதைப் படமான நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' மொத்தமாகவே இல்லாமல் போய்விட்டது.

ஆக, ஒரு காலத்தில் படத்தைப் பிடித்து வைத்துக்கொண்டவன் அதைக் காப்பாற்றியவன். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் காப்பாற்றுவது என்றால் என்ன என்பதில் அப்பவே இரண்டு கட்சி இருந்தது. பாரீஸில் 1936-ல் சினிமாதெக் ஆரம்பித்த ஆன்றி லாங்லுவா, போட்டுக் காட்டாத படம் செத்த படம் என்கிற கட்சி. லண்டனில் எர்னஸ்ட் லிண்ட்கிரன், இருக்கிற ஒரே பிரதியை புரொஜெக்டரில் ஓட்டித் தேய்க்கக் கூடாது, பூட்டி வை என்கிற கட்சி. இரண்டு பேரிடமும் நியாயம் இருக்கு. ஏனென்றால் ஃபிலிம் ஓடும் ஒவ்வொரு தடவையும் உண்மையிலேயே தேயும், கீறும். வி.எச்.எஸ். காலத்திலும் அப்படித்தான், காப்பிக்குக் காப்பி போடப் போட மங்கும். ஹார்ட் டிஸ்க்கில் இருக்கும் ஃபைல் தேயுமா? ஆயிரம் காப்பி எடுத்தாலும் ஒரு பிட் குறையாது. அப்போ அந்த அண்ணன் பூட்டி வைத்திருப்பது எதை? இந்தக் கேள்வியை அவரிடம் கேட்க எனக்கு மூணு வாரம் ஆனது.

அதற்குள் ஜானின் மீதிக் கதையைப் படித்து முடித்தேன். கழுதைக்குப் பிறகு 'செறியாச்சன்டெ க்ரூரக்ருத்யங்ஙள்'. குட்டநாட்டு நிலப்பிரபு ஒருவனின் பயத்தைப் பற்றிய படம். காமெடியனாகவே எல்லோரும் பார்த்துப் பழகிய அடூர் பாஸி அதில் நாயகன். 1979-க்கான கேரள அரசின் சிறந்த நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது. வடகேரளத்துக் கய்யூர் விவசாயிகளின் போராட்டத்தைப் படமாக்க ரொம்ப நாள் அலைந்தார், நடக்கவில்லை. தயாரிப்பாளர்கள் கதவைச் சாத்தினார்கள். சாத்தியதில் ஆச்சரியமும் இல்லை. மூன்று படமும் பணம் பார்க்காத ஒருவர், அதோடு குடி.

1984-ல் கோழிக்கோட்டில் நண்பர்களோடு சேர்ந்து அவர் ஆரம்பித்ததுதான் ஒடேசா. ஐசன்ஸ்டைனின் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' படத்தில் வரும் ஊரின் பெயர். யோசனை இதுதான்: படம் பார்க்கப்போகிறவர்களே படத்துக்குப் பணம் போடட்டும். ஊர் ஊராகப் போய், 16 மி.மீ. புரொஜெக்டரை வைத்து, சாப்ளினின் 'தி கிட்' மாதிரிப் படங்களைப் போட்டுக் காட்டுவார்கள். டிக்கெட் கிடையாது. பார்த்தவர்கள் கையில் இருப்பதைப் போடலாம். சில்லறையாகச் சேர்ந்த காசு. முதல் படத்தில் சிலைக்குப் பணம் திரட்ட அலைந்த பையன்கள் ஞாபகம் இருக்கா? பன்னிரண்டு வருஷம் கழித்து அந்த வேலையை டைரக்டரே செய்தார். இன்றைக்கு கிரவுட் ஃபண்டிங் என்று பிபிடி போட்டு விளக்குகிறோமே, அதை இவர்கள் டவுன்பஸ்ஸில் போய்ச் செய்திருக்கிறார்கள்.

அப்படி வந்ததுதான் 1986-ன் 'அம்ம அறியான்'. அம்மா அறிய என்று அர்த்தம், நமக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை. கருப்பு வெள்ளை. ஒளிப்பதிவு வேணு, படத்தொகுப்பு பீனா பால், புருஷனாக நடித்தவர் ஜாய் மேத்யூ. டெல்லிக்குப் படிக்கக் கிளம்பும் புருஷன் என்ற இளைஞன் வயநாட்டு வழியில் ஒரு பிணத்தைப் பார்க்கிறான். தூக்கில் தொங்கியவன். எங்கேயோ பார்த்த முகம். தபேலா வாசிக்கும் ஹரி என்று மெல்லத் தெரிகிறது. கொச்சியில் இருக்கும் ஹரியின் அம்மாவுக்குச் சொல்ல வேண்டும். தகவல் சொல்லப் போகும் வழியில் ஒவ்வொரு ஊரிலும் ஒரு நண்பன் சேர்ந்துகொள்கிறான், கடைசியில் ஒரு கூட்டமே அந்த அம்மாவின் வாசலை நோக்கி நடக்கிறது. நக்சல் இயக்கத்தில் போய்த் தோற்றுத் திரும்பிய ஒரு தலைமுறையின் கதை. பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் 2002-ல் எடுத்த சிறந்த பத்து இந்தியப் படங்கள் பட்டியலில் தென்னிந்தியாவிலிருந்து போனது இது ஒன்றுதான். முடிந்த படத்தையும் ஒடேசாக்காரர்கள் தியேட்டருக்குக் கொடுக்கவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பணம் போட்ட ஜனங்களிடமே போய்க் காட்டினார்கள்.

அடுத்த வருஷம் 1987 மே 31. கோழிக்கோட்டில் ஒரு கட்டடத்தின் மாடியிலிருந்து தவறி விழுந்து ஜான் இறந்தார். குடித்திருந்தார். ஐம்பது வயசுக்கு இன்னும் இரண்டு மாசம் சொச்சம் பாக்கி.

அதற்குப் பிறகு நடந்தது கழுதைக்கு நடந்ததுதான். உயிரோடு இருந்தபோது அடுத்த படத்துக்கு வழியில்லாமல் நின்ற மனிதரைக் கும்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவர் தாடி, அவர் குடி, நண்பர் வீட்டுத் திண்ணையில் தூங்கியது, இதெல்லாம் புராணம் ஆனது. எனக்கு அந்தக் குடிப் புராணத்தில் கோபம்தான் வருகிறது. இரண்டாவது ஒடேசா படத்தை ஜான் எடுக்காமல் போனதற்கு அதுதானே காரணம்? புராணம் பரவிய அளவுக்குப் படங்கள் பரவவில்லை. பெட்டி தூக்கி ஊர் ஊராகத் திரிந்தவரின் படம், நம்ம காலத்தில் ஒரு சிலரின் டிஸ்க்கில் பாஸ்வேர்டு போட்டு இருக்கு.

இதையெல்லாம் ஒருவழியாக அண்ணனிடம் சொன்னேன். அவருக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். ஒடேசா பற்றித் தனி ஃபோல்டரே வைத்திருக்கிறார். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. இதைத் தேடி எடுக்க நாலு வருஷம் ஆச்சு என்று மட்டும் சொன்னார். யாரோ ஒருவரிடம் கெஞ்சி, பதிலுக்கு இரண்டு படம் கொடுத்து வாங்கியது. எல்லோருக்கும் கிடைத்துவிட்டால் அந்த நாலு வருஷத்துக்கு என்ன அர்த்தம் என்ற மாதிரி இருந்தது அவர் முகம். எனக்குக் கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. ஆனா விடவில்லை. எங்க ஊர் மொட்டை மாடியில் ஒரு தடவை போட்டுக் காட்டலாமா அண்ணா என்றேன். ஃபைலை அனுப்ப மாட்டேன், நானே எடுத்துட்டு வர்றேன் என்று ஒத்துக்கொண்டார்.

பொங்கல் முடிந்த சனிக்கிழமை அவர் குருபரப்பள்ளியில் பஸ் இறங்கினார். முதுகுப் பையில் அவருடைய சின்ன புரொஜெக்டர், மடியில் டிஸ்க். எங்க வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், ஓசூர் பஸ்ஸில் கன்னடமும் சேரும். எந்த மொழியில் கூப்பிட்டால் ஆள் வருவார்கள் என்று தெரியாமல் எல்லா மொழியிலும் கூப்பிட்டேன். பதினோரு பேர் வந்தார்கள். அப்பாவின் வேட்டிதான் திரை. ஹைவேயில் லாரி போகும் சத்தத்தில் பாதி வசனம் கேட்கவில்லை. சிப்காட் போகும் பசங்க மூணு பேர் ஒன்பதரைக்குக் கம்பெனி பஸ் வந்ததும் நைட் ஷிப்ட்டுக்கு எழுந்து போனார்கள். பக்கத்து லைன் வீட்டில் குடியிருக்கும் ஒடிசாக்காரர்கள் இரண்டு பேர், தமிழ் தெரியாதவர்கள், சால்வையைப் போர்த்திக்கொண்டு கடைசி வரைக்கும் அசையவில்லை. அண்ணன் படத்தையே பார்க்கவில்லை. அவர்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்க அவ்வா சீரியல் முடிந்து மேலே வந்தபோது படம் ஆரம்பித்து ரொம்ப நேரம் ஆகியிருந்தது. பனிக்கு முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். சின்ன வயசில் துணி மூட்டையோடு கழுதைகள் எங்க தெரு வழியாகப் போகுமாம். திரையில் உமா குட்டியைத் தடவிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவ்வா என் தோளைத் தட்டி, இதோட அம்மா எங்கே என்று கேட்டாள். செத்துப்போச்சு என்றேன். எப்படி என்றாள். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ரிமோட்டை எடுத்து, படத்தை முதலிலிருந்து போட்டார்.